ஏற்காட்டு மலைமேல் ஆம்ப்ளிஃபயர், சேலத்தில் நாம்: சாட்டிலைட் அவுட்டோர் யூனிட்டைத் தூரத்திலிருந்து கவனிப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் இருந்துகொண்டு சேர்வராயன் மலையில் உள்ள சில சாட்டிலைட் ஸ்டேஷன்களைப் பராமரிக்கிறேன். எஸ்டேட், தங்கும் விடுதி, மலைக்கிராமத்துச் சிறு அலுவலகம் என்று பல வகை. புதிதாக இந்த வேலைக்கு வரும் தம்பிகளும், யூனிட் வைத்திருக்கும் உரிமையாளர்களும் திரும்பத் திரும்பக் கேட்பதை எல்லாம் இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

கேள்வி: எந்த ஆம்ப்ளிஃபயரைச் சொல்கிறீர்கள்? வீட்டு மாடியில் இருக்கும் டிடிஎச் டிஷ்ஷிலும் இது உண்டா?

கிடையாது. வீட்டு டிஷ் சிக்னலை வாங்க மட்டும்தான் செய்யும், அதில் இருப்பது எல்என்பி என்ற வாங்கும் தலை. நான் சொல்வது அனுப்பும் பக்கம். அறைக்குள் இருக்கும் மோடம் 950 முதல் 1450 மெகாஹெர்ட்ஸ் வரையிலான எல்-பேண்டில் சிக்னலைக் கொடுக்கும், அதைக் கேயூ பேண்டுக்கு, அதாவது 14.0 முதல் 14.5 கிகாஹெர்ட்ஸுக்கு உயர்த்தி, வாட் கணக்கில் பலமாக்கி டிஷ்ஷின் ஃபீடுக்கு, அதாவது டிஷ்ஷை நோக்கிச் சிக்னலை வீசும் வாய்க்குத் தள்ளுவதுதான் இந்த யூனிட்டின் வேலை. சி பேண்டில் இது 6 கிகாஹெர்ட்ஸை ஒட்டி இருக்கும். சின்னதாக இருந்தால் "பக்" (பிளாக் அப்கன்வெர்ட்டர்) என்போம், பெரிய வாட்டேஜாக இருந்தால் எஸ்எஸ்பிஏ (சாலிட் ஸ்டேட் பவர் ஆம்ப்ளிஃபயர்) என்போம். இதை ஏன் வெயிலிலும் மழையிலும் வெளியில் தொங்கவிட வேண்டும் என்றால், 14 கிகாஹெர்ட்ஸ் சிக்னலை அறையிலிருந்து கேபிளில் கொண்டுபோனால் பாதி தூரத்திலேயே கரைந்துவிடும். அதனால் பலமாக்கும் வேலையை டிஷ் பக்கத்திலேயே வைத்துக்கொள்கிறார்கள். அறைக்கும் அதற்கும் நடுவில் போகும் ஐஎஃப்எல் கேபிளில் சிக்னல், அலைவரிசை பிசகாமல் இருக்க 10 மெகாஹெர்ட்ஸ் ரெஃபரன்ஸ், சின்ன யூனிட் என்றால் 24 அல்லது 48 வோல்ட் கரண்ட், மூன்றும் சேர்ந்தே போகும்.

கேள்வி: ஏற்காடு சேலத்திலிருந்து முப்பது கிலோமீட்டர்தானே? பழுதானால் நேரில் போய்ப் பார்த்துவிட்டால் ஆகாதா?

பகலில், வெயிலில், ஆகும். அக்டோபர் மழையில் ராத்திரி பதினோரு மணிக்கு 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப் பாருங்கள். பனி இறங்கிவிட்டால் பம்பருக்கு முன்னால் பத்தடிகூடத் தெரியாது, மரம் சாய்ந்தோ பாறை உருண்டோ கிடந்தால் திரும்பிக் குப்பனூர், கொட்டச்சேடு வழியாகச் சுற்ற வேண்டும். அப்படி ஏறிப்போய் மோடம் அடாப்டர் பிளக் லூஸாக இருந்தது என்று கண்டுபிடித்து இறங்கிய ராத்திரிகள் எனக்கு உண்டு. கிளம்பும் முன்பே என்ன பழுது, எந்த உதிரியை எடுத்துப் போக வேண்டும், காலைவரை பொறுக்குமா என்று தெரிய வேண்டும். தூரத்திலிருந்து கவனிக்கும் ஏற்பாட்டின் முழுப் பயனும் இதுதான்.

36,000 கிலோமீட்டர் மேலே இருக்கும் நம் செயற்கைக்கோள்களை ஹாசனிலும் போபாலிலும் உள்ள இஸ்ரோ நிலையங்களில் உட்கார்ந்து கவனித்துக்கொள்கிறார்கள். வெப்பம், மின்னழுத்தம் என்று எல்லாம் எண்ணாக இறங்கி வருகிறது. மலைமேல் இருக்கும் நம் பெட்டிக்கும் அந்தக் கவனிப்பு வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

கேள்வி: பழுதுச் செய்தி அதே சாட்டிலைட் லிங்க் வழியாகவே சேலத்துக்கு வந்துவிடுமே, தனியாக எதற்கு இன்னொரு வழி?

எல்லாரும் இங்கேதான் ஏமாறுகிறார்கள், நானும் ஏமாந்தேன். ஒரு எஸ்டேட்டில் ஆரம்ப காலத்தில் செய்த ஏற்பாடு: ஆம்ப்ளிஃபயரிலிருந்து எண்கள் மோடத்துக்கு, மோடத்திலிருந்து சாட்டிலைட் வழியாக எங்கள் சேலம் ஆபீஸ் திரைக்கு. பார்க்க அருமையாக இருந்தது. ஒரு மே மாத விடியற்காலை ஆம்ப்ளிஃபயர் செத்துப்போனது. அது செத்த செய்தியும் அதே ஆம்ப்ளிஃபயர் வழியாகத்தானே வெளியே வர வேண்டும்? வரவில்லை. திரையில் கடைசியாக வந்த எண்கள் அப்படியே நின்றன, வெப்பம் 46, பவர் சரி, எல்லாமே பச்சை. நாங்கள் டீ குடித்துக்கொண்டு அந்தப் பச்சையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மதியத்துக்கு மேல் எஸ்டேட் ரைட்டர் ஃபோன் செய்து "அண்ணா, காலையில இருந்து நெட்டே இல்லீங்க" என்றபோதுதான் தெரிந்தது. கிட்டத்தட்ட பதினோரு மணி நேரம்.

அன்றிலிருந்து இரண்டு விதி வைத்திருக்கிறேன். முதலாவது, பழுதைச் சொல்லும் வழி பழுதாகக்கூடிய பொருளை நம்பி இருக்கக் கூடாது. மலைமேல் ஒரு சின்ன கன்ட்ரோலர், அதற்கென்று ஒரு செல்ஃபோன் சிம், அதற்கென்று ஒரு பேட்டரி. ஆம்ப்ளிஃபயர், மோடம், கரண்ட் மூன்றும் ஒன்றாகப் போனாலும் அந்தச் சின்னப் பெட்டி பேச வேண்டும். இரண்டாவது, பேச்சு நின்றுபோனால் அதையே பழுதாக எடுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் பெட்டி ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை "இருக்கிறேன்" என்று ஒரு வரி அனுப்பும், தொடர்ந்து மூன்று முறை வரவில்லை என்றால் சேலத்தில் இருக்கும் கம்ப்யூட்டர் தானாகவே அலாரம் அடிக்கும். அதோடு திரையில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அது வந்த நேரமும் இருக்க வேண்டும், பழையதானால் நிறம் சாம்பலாக மாற வேண்டும். பழைய பச்சையை நம்பினால் என்ன ஆகும் என்று பார்த்துவிட்டேன்.

கேள்வி: ஆம்ப்ளிஃபயரிலிருந்து எண்களை எடுக்க என்னென்ன வழி இருக்கிறது?

யூனிட்டைப் பொறுத்தது. சின்ன பக் என்றால் மோடமே ஐஎஃப்எல் கேபிளில் சில நூறு கிலோஹெர்ட்ஸில் எஃப்எஸ்கே சிக்னல் (இரண்டு அலைவரிசைக்கு மாறி மாறித் தகவல் சொல்வது) போட்டு அதனிடம் பேசும் வசதி சில மாடல்களில் உண்டு, தனிக் கேபிளே வேண்டாம், மோடத்தின் பக்கத்தில் வெப்பமும் பவரும் தெரியும். பெரிய யூனிட்களில் ஈதர்நெட் இருக்கும், எஸ்என்எம்பி (நெட்வொர்க் கருவிகளைக் கவனிக்கும் பொது மொழி) பேசும். இரண்டுக்கும் நடுவில் நம் ஆட்கள் அதிகம் பார்ப்பது ஆர்எஸ்-485.

ஆர்எஸ்-485 என்ற இந்த ஜோடிக் கம்பி டேட்டா முறை நல்ல பழைய உழைப்பாளி. 1,200 மீட்டர் வரை போகும், ஒரே ஜோடிக் கம்பியில் 32 யூனிட் வரை தொங்கவிடலாம். ஆர்எஸ்-232-ஐ வைத்து இதைச் செய்யப் பார்க்காதீர்கள், அது பதினைந்து மீட்டர் அறைக்குள் பேசுவதற்கு. 485-இல் மூன்று இடத்தில் தவறு நடக்கும். ஒன்று, ஏ, பி என்று போட்டிருப்பதை ஒரு கம்பெனி ஒரு மாதிரியும் இன்னொரு கம்பெனி அதற்கு நேர்மாறாகவும் வைத்திருக்கும், எனவே பதில் வரவில்லை என்றால் யூனிட்டைக் குறை சொல்லும் முன் இரண்டு கம்பியையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். இரண்டு, கம்பியின் இரண்டு முனையிலும் 120 ஓம் டெர்மினேஷன் ரெசிஸ்டர், நடுவில் எங்கேயும் கூடாது. மூன்று, இரண்டு கம்பி போதும் என்று நினைத்து கிரவுண்டு கம்பியை விட்டுவிடுவது, மேஜையில் வைத்துப் பார்க்கும்போது ஓடும், மலையில் நூறு மீட்டர் தள்ளிப் போட்டதும் திணறும்.

எந்த வசதியும் இல்லாத பழைய பக் ஒன்று இருக்கிறதா? பரவாயில்லை, அறைக்குள் அதன் டிசி சப்ளை வயரில் ஒரு கரண்ட் சென்சார் போடுங்கள். 24 வோல்ட் யூனிட் ஒன்று எங்களிடம் வழக்கமாக 1.8 ஆம்பியர் எடுக்கும். பூஜ்யம் ஆனால் கேபிள் அறுந்தது அல்லது கனெக்டர் போனது, ஏறிக்கொண்டே போனால் தண்ணீர் இறங்குகிறது. ஒரே ஒரு எண்தான், ஆனாலும் அதுவே பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

கேள்வி: யூனிட்டில் ஒரு அலாரம் ரிலே இருக்கிறது. அதை மட்டும் இணைத்தால் போதாதா?

ஆரம்பத்துக்குப் போதும், சரியாக இணைத்தால். அந்த ரிலேயில் மூன்று முனை இருக்கும், காமன், திறந்தது, மூடியது. எல்லாம் நன்றாக இருக்கும்போது ரிலே இழுத்துப் பிடித்திருக்கிற மாதிரி, சர்க்யூட் மூடியிருக்கிற மாதிரி முனையைத் தேர்ந்தெடுங்கள். அப்போது யூனிட்டில் பழுது வந்தாலும், கரண்ட் போனாலும், நடுவில் கம்பியைக் குரங்கு பிய்த்தாலும் சர்க்யூட் திறந்து அலாரம் அடிக்கும். நேர்மாறாக இணைத்தால் கம்பி அறுந்த யூனிட் காலத்துக்கும் நலமாகவே தெரியும். ஏற்காட்டு லேடீஸ் சீட் பக்கம் குரங்குகளைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கவலை புரியும்.

கேள்வி: எத்தனையோ எண்கள் வருகின்றன. எதைப் பார்க்க வேண்டும்?

நான் முதலில் பார்ப்பது வெப்பம். ஆனால் அதை அப்படியே பார்க்காதீர்கள், ஹீட்சிங்க் வெப்பத்திலிருந்து வெளிக்காற்றின் வெப்பத்தைக் கழித்துப் பாருங்கள். காரணம் சொல்கிறேன். தயாரிப்பாளர் சமவெளிக்கும் மலைக்கும் சேர்த்து 80 அல்லது 85 டிகிரி என்று ஒரு எல்லை வைத்திருப்பார். சேலத்து மாடியில் மே மாதம் வெளியே 40 இருக்கும்போது யூனிட் 70-க்குப் போவது சகஜம். அதே யூனிட் ஏற்காட்டில் ராத்திரி 18 டிகிரிக் குளிரில் 70 காட்டினால்? அலாரம் அடிக்காது, ஆனால் உள்ளே ஃபேன் கிட்டத்தட்ட நின்றுபோயிருக்கும். மலைக்குளிர் பழுதை மூடி மறைக்கும். வித்தியாசத்தைப் பார்த்தால் 30 இருக்க வேண்டிய இடத்தில் 52 என்று பளிச்சென்று தெரியும். ஒரு பத்து ரூபாய் நாணய அளவு சென்சாரை நிழலில் கட்டிவிட்டால் போதும். இன்னொன்று, 1,500 மீட்டர் உயரத்தில் காற்று சமவெளியைவிட ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு மெல்லியது, அதே ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் குறைவான காற்றைத்தான் தள்ளும். அதனால் சேலத்தில் எடுத்த கணக்கை மலைக்கு அப்படியே கொண்டுபோகாமல் அங்கேயே ஒரு வாரம் எழுதிப் பார்த்து எது வழக்கம் என்று முடிவு செய்யுங்கள்.

இப்படித்தான் ஒரு முறை கோடையின் முதல் பெருமழை முடிந்த ராத்திரி வித்தியாசம் ஒரு மணி நேரத்தில் 28-லிருந்து 47-க்கு ஏறியது. பவரில் பாதியைக் குறைத்து வைத்துவிட்டு விடிந்ததும் ஏறிப்போனேன். ஃபேன் கிரில்லைக் கழற்றினால் உள்ளே முழுக்க ஈசல் சிறகு. ஈரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, வெங்காயச் சருகை அடுக்கி வைத்தது போல ஒரு விரற்கடை கனத்துக்கு இருந்தது. டிஷ்ஷுக்குப் பக்கத்துக் கம்பத்தில் புதிதாக ஒரு வெள்ளை எல்இடி விளக்கு மாட்டியிருந்தார்கள், அதற்கு வந்த ஈசல் எல்லாம் ஃபேன் இழுப்பில் மாட்டிக்கொண்டது. பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி எடுத்து, விளக்கைப் பத்தடி தள்ளிப் போடச் சொன்னேன். வித்தியாசம் அரைமணியில் 27-க்கு வந்துவிட்டது.

அடுத்தது வெளியேறும் பவரும், ஃபீடு பக்கம் மோதித் திரும்பி வரும் பவரும். வெளியேறும் பவர் 3 டெசிபல் குறைந்தால் பாதி போய்விட்டது என்று அர்த்தம், 1 டெசிபல் குறைந்தாலே ஐந்தில் ஒரு பங்கு போச்சு. உள்ளே வரும் சிக்னலும் அட்டென்யுவேஷனும் (நாமே வைத்த குறைப்பு) மாறாமல் பவர் மட்டும் வாரத்துக்குக் கொஞ்சம் இறங்கினால் யூனிட் கிழடாகிறது. திரும்பி வரும் பவர் ஏறினால் வேவ்கைடில் (யூனிட்டையும் ஃபீடையும் இணைக்கும் உலோகக் குழாயில்) தண்ணீர், அல்லது அதன் இணைப்பில் உள்ள ஃபிளாஞ்ச் போல்ட் லூஸ். இதில் எது என்று நேரத்தை வைத்தே சொல்லலாம்: விடியற்காலை ஏறி, பத்து மணி வெயிலுக்கு இறங்கி, மறுநாள் விடியலில் மறுபடியும் ஏறினால் அது பனி ஈரம். நாள் முழுக்க ஒரே மாதிரி ஏறியே இருந்தால் ஸ்பேனரோடு கிளம்புங்கள்.

அப்புறம் ஃபேன் வேகம், சப்ளை வோல்டேஜ், பிஎல்எல் லாக் (யூனிட் ரெஃபரன்ஸோடு ஒத்துப் போகிறதா என்பது). மூன்றையும் பதிவு செய்யுங்கள், தினமும் உற்றுப் பார்க்க வேண்டியதில்லை.

கேள்வி: மழை வந்தால் லிங்க் விழுகிறது. அது மழையாலா, பழுதாலா என்று கீழேயிருந்து எப்படித் தெரியும்?

இரண்டு முனையையும் ஒப்பிட்டால் தெரியும். ஆம்ப்ளிஃபயர் தன் வாயில் அளக்கும் பவர் சரியாக இருந்து, மறுமுனையில் உள்ள ஹப் (மைய நிலையம்) நம் சிக்னல் குறைவு என்று சொன்னால் இடையில் இருப்பது மழை, அல்லது டிஷ் நகர்ந்திருக்கிறது. மழை நின்றதும் தானாக ஏறினால் மழை. ஏறவில்லை என்றால் டிஷ். ஆம்ப்ளிஃபயரே குறைவாகக் காட்டினால் அப்போதுதான் யூனிட் மேல் சந்தேகம்.

மழைக்குத் தானாகப் பவர் ஏற்றும் வசதி வைத்திருப்பவர்கள் அதற்கு ஒரு உச்ச வரம்பு கட்டாயம் வையுங்கள். இல்லாவிட்டால் கேயூ பேண்டில் ஒரு பெருமழைக்கு யூனிட் தன் எல்லைவரை ஏறி, சிக்னல் சிதைந்து பக்கத்துக்காரர் அலைவரிசையில் வழியும். செயற்கைக்கோள் நமக்கு மட்டும் உரியதில்லை.

இன்னொரு பொய்ப் பழுதும் உண்டு. மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாட்கள், 83 டிகிரி கிழக்கில் இருக்கும் ஜிசாட்-30 போன்ற செயற்கைக்கோளைப் பார்க்கும் டிஷ்ஷுக்கு நண்பகலை ஒட்டிச் சில நிமிடம் சூரியன் நேர் பின்னால் வந்து நிற்கும், வாங்கும் பக்கம் விழும். ஆம்ப்ளிஃபயருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. காலண்டரில் குறித்து வைத்துக்கொண்டால் யாரையும் மலையேற்ற வேண்டாம்.

கேள்வி: பார்ப்பது சரி. தூரத்திலிருந்து கட்டுப்படுத்த என்னென்ன வசதி கொடுக்கலாம்?

மியூட் (அனுப்புவதை நிறுத்தி வைப்பது), பவர் குறைப்பது, யூனிட்டை அணைத்துப் போடுவது. இந்த மூன்றும் போதும், மூன்றும் பாதுகாப்பான பக்கம் போகும் கட்டளைகள். பவரைக் கூட்டுவதையும் அலைவரிசையை மாற்றுவதையும் நான் செல்ஃபோனில் வைப்பதில்லை, தவறுதலாக விரல் பட்டால் இன்னொருவர் லிங்க் விழும்.

இதில் கரண்ட் போய்த் திரும்ப வரும் நேரம்தான் ஆபத்தானது, முன்கூட்டியே முடிவு செய்து வைக்க வேண்டியதும் அதுதான். மலையில் கரண்ட் ஒரு முறை போனால் நாலு முறை விட்டு விட்டு வரும். யூனிட் விழித்ததும் உடனே அனுப்ப ஆரம்பிக்க வேண்டுமா, மியூட்டிலேயே காத்திருக்க வேண்டுமா? ஆள் இல்லாத இடத்தில் மியூட்டில் எழுந்தால் யாராவது எடுத்துவிட வேண்டும், உடனே அனுப்பினால் ரெஃபரன்ஸ் லாக் ஆகும் முன்பே தப்பான அலைவரிசையில் கத்திவிடலாம். நல்ல யூனிட்கள் 10 மெகாஹெர்ட்ஸ் லாக் ஆகும்வரை தாங்களாகவே வாயை மூடிக்கொள்ளும். உங்களுடையது அப்படியா என்று கேபிளைக் கழற்றிச் சோதியுங்கள், கையேட்டில் எழுதியிருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். நான் எங்கள் இடங்களில் கரண்ட் வந்து ஐந்து நிமிடம் தொடர்ந்து நின்ற பிறகுதான் கன்ட்ரோலர் மியூட்டை எடுக்கும்படி வைத்திருக்கிறேன்.

கேள்வி: ஆள் டிஷ் பக்கத்தில் வேலை செய்யும்போது என்ன செய்ய வேண்டும்?

இந்தப் பக்கத்தில் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள். மியூட் செய்துவிட்டேன் என்று ஃபோனில் சொன்னதை நம்பி ஃபீடுக்கு முன்னால் கையோ முகமோ கொண்டுபோகக் கூடாது. வாட் கணக்கில் வரும் மைக்ரோவேவ் கண்ணுக்குத் தெரியாது, சத்தம் போடாது, முதலில் கெடுவது கண்.

சில வருடம் முன்பு ஒரு இடத்தில் எங்கள் தம்பி ஏணியில் நின்று வேவ்கைடைக் கழற்றிக்கொண்டிருந்தான். யூனிட் மியூட்டில் இருந்தது. வேறு ஊரில் இருந்த ஆபரேட்டர், லிங்க் இல்லையே என்று பார்த்து, மியூட்டில் கிடக்கிறதே என்று நல்ல எண்ணத்தில் எடுத்துவிட்டார். தம்பி அதற்குச் சற்று முன்பு ஸ்பேனர் கீழே விழுந்ததால் இறங்கியிருந்தான், அதனால் தப்பினான். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

இப்போது எங்கள் முறை: யூனிட்டில் லோக்கல், ரிமோட் என்று சுவிட்ச் இருந்தால் லோக்கலுக்குத் தள்ள வேண்டும், அதன் பிறகு அறைக்குள் சப்ளையை அணைத்து பிரேக்கருக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை ஏறுபவர் தன் சட்டைப்பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். ஏறியவர் இறங்கித் திறந்தால்தான் கரண்ட். திரையில் "ஆள் வேலையில்" என்று ஒரு குறிப்பும் போடுவோம், ஆனால் உயிரைக் காப்பது அந்தப் பூட்டுதான்.

கேள்வி: இடியிலிருந்து எப்படிக் காப்பாற்றுவது? ஒவ்வொரு சித்திரையிலும் மானிட்டர் போர்டு போய்விடுகிறது.

ஆம்ப்ளிஃபயர் தப்பி மானிட்டர் போர்டு போகிறது என்றால் இடி வந்த வழி அந்த டேட்டாக் கம்பி. டிஷ்ஷுக்கும் அறைக்கும் நடுவில் 485 கம்பியை எடுத்துவிட்டு இரண்டு பக்கமும் ஒரு கன்வெர்ட்டர் போட்டு ஃபைபர் இழுத்துவிடுங்கள். கண்ணாடி இழையில் மின்சாரம் ஓடாது. நான் செய்த மாற்றங்களிலேயே காசுக்கு மேல் பலன் கொடுத்தது இது.

எர்த் பற்றி: சேர்வராயன் மலை சார்னோகைட் என்ற கெட்டிப் பாறை, மேலே கொஞ்சம் மண், சில இடத்தில் பாக்சைட். குழி வெட்டி உப்பும் கரியும் போட்டாலும் ஓம் அவ்வளவு எளிதில் இறங்காது. அந்த எண்ணைத் துரத்திக்கொண்டே இருப்பதைவிட டிஷ் கம்பம், இடிதாங்கி, அறை எர்த், கருவிகள் இருக்கும் ரேக், எல்லாவற்றையும் தடித்த செம்புப் பட்டையால் ஒன்றோடொன்று இணைத்துவிடுங்கள். இடி விழும்போது எல்லாம் சேர்ந்து ஏறிச் சேர்ந்து இறங்கினால் நடுவில் இருக்கும் போர்டு பிழைக்கும். தனித்தனி எர்த் வைத்திருந்தால் அந்த வித்தியாசம் முழுவதும் உங்கள் போர்டு வழியாகத்தான் ஓடும்.

ஐஎஃப்எல் கேபிளுக்கு, இடியின் மின்பாய்ச்சலைத் தடுக்கும் சர்ஜ் அரெஸ்டர் வாங்கும்போது கவனம். கால் அலை ஸ்டப் வகை டிசியை ஷார்ட் செய்துவிடும், பக்குக்குக் கரண்டும் போகாது, ரெஃபரன்ஸும் போகாது. டிசி கடத்தும் கேஸ் டியூப் வகை என்று கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: இரண்டு ஆம்ப்ளிஃபயர் வைத்து ஒன்று போனால் மற்றொன்று எடுத்துக்கொள்ளும்படி செய்திருக்கிறோம். அதற்கும் கண்காணிப்பு வேண்டுமா?

அதற்குத்தான் அதிகம் வேண்டும். ஸ்டேண்ட்பை யூனிட் டம்மி லோடை (பவரை விழுங்கும் போலிச் சுமையை) பார்த்துக்கொண்டு சும்மா நிற்கும், அது செத்தால் யாருக்கும் தெரியாது, முதலாவது விழும் அன்றுதான் தெரியும். இரண்டின் எண்களையும் ஒரே போலப் படியுங்கள். இரண்டையும் மாற்றிவிடும் வேவ்கைடு சுவிட்சின் மோட்டார் வருடக்கணக்கில் அசையாமல் இருந்தால் இறுகிவிடும். மாதம் ஒரு முறை விடியற்காலை மூன்று மணிக்குக் கட்டளை கொடுத்து மாற்றுங்கள், மறுமாதம் திரும்ப மாற்றுங்கள். இரண்டுக்கும் சம உழைப்பு. தானாக மாறியது தானாகவே திரும்பி வரும்படி மட்டும் வைக்காதீர்கள், அரைகுறைப் பழுதில் ராத்திரி முழுக்க இங்கேயும் அங்கேயுமாக ஆடிக்கொண்டிருக்கும்.

கேள்வி: சிம் வழியாக இணைத்தால் வெளியாள் யாராவது உள்ளே நுழைய முடியுமா?

கதவைத் திறந்து வைத்தால் முடியும். வாங்கிய அன்றைய பாஸ்வேர்டு, எஸ்என்எம்பியில் "பப்ளிக்" என்ற பழைய அனுமதிச் சொல், இவை அப்படியே இருக்கும் யூனிட்கள் நிறையப் பார்க்கிறேன். எஸ்என்எம்பியின் பழைய பதிப்புகள் இரண்டும் அந்தச் சொல்லை மறைக்காமல் அப்படியே அனுப்பும். மூன்றாம் பதிப்பு இருந்தால் அதைப் போடுங்கள், இல்லாவிட்டால் படிக்க மட்டும் அனுமதி கொடுத்து, விபிஎன்னுக்குள் வையுங்கள். வெளியிலிருந்து உள்ளே அழைக்கும்படி வைக்காமல் மலைப்பெட்டி தானே வெளியே அழைத்துச் சேலத்தோடு பேசும்படி வைத்தால் இன்னும் நல்லது, சாதாரண சிம்முக்கு அதுதான் வேலையும் செய்யும். யூனிட் தானாக அனுப்பும் ட்ராப் செய்தி வழியில் தொலைந்தாலும் யாரும் மறுபடி அனுப்ப மாட்டார்கள், ஆகவே அதை மட்டும் நம்பாமல் நிமிடத்துக்கு ஒரு முறை நாமே கேட்டும் பார்க்க வேண்டும்.

எந்தக் கம்பெனி சிம் என்று கேட்பவர்களுக்கு: டிஷ் இருக்கும் அந்த இடத்தில் நின்று பாருங்கள். மலையில் ஒரு மடிப்பு தாண்டினால் சிக்னல் மாறிவிடும். டேட்டா போகாத இடத்தில்கூட எஸ்எம்எஸ் போய்விடும், அதனால் முக்கியமான மூன்று அலாரங்களை எஸ்எம்எஸ்ஸிலும் வையுங்கள்.

கேள்வி: ராத்திரியெல்லாம் அலாரம் வந்து ஃபோனை சைலன்டில் போட்டுவிட்டேன். என்ன செய்வது?

சைலன்டில் போட்டது உங்கள் தவறில்லை, அலாரம் அமைத்தது தவறு. எல்லைக்கு ஒரு டிகிரி மேலேயும் கீழேயும் ஆடும் எண் ராத்திரிக்கு நூறு செய்தி அனுப்பும். அடிக்க ஒரு எல்லை, நிறுத்த அதைவிட ஐந்து டிகிரி கீழே இன்னொரு எல்லை என்று வையுங்கள், இரண்டு நிமிடம் தொடர்ந்து இருந்தால் மட்டும் அடிக்கட்டும். ராத்திரி ஃபோன் அடிக்க மூன்றே காரணம் போதும்: பவர் இல்லை, வெப்பம் வேகமாக ஏறுகிறது, பேச்சு நின்றுவிட்டது. மற்றதெல்லாம் காலை ஏழு மணிக்கு ஒரே செய்தியாக வரட்டும்.

கேள்வி: மலைக்கு நேரில் போகும் நாளில் என்ன பார்க்க வேண்டும்?

முதலில் டிஷ்ஷின் கிண்ணத்தைப் பாருங்கள். நம் ஊரிலிருந்து 83 டிகிரி செயற்கைக்கோள் கிட்டத்தட்ட தலைக்கு மேல், 75 டிகிரி உயரத்தில் நிற்கிறது, அதனால் நடு ஃபீடு வைத்த டிஷ் வானத்தைப் பார்த்த அண்டா மாதிரிதான் இருக்கும். அடியில் தண்ணீர் வடிய ஓட்டை உண்டு, காப்பித் தோட்டத்து சில்வர் ஓக் இலை இரண்டு போதும் அதை அடைக்க. தண்ணீர் நின்றால் சிக்னல் விழும், ஆம்ப்ளிஃபயர் எண்கள் எல்லாம் சரியாகவே இருக்கும், கீழேயிருந்து மண்டையை உடைத்துக்கொள்வோம். ஒரு குச்சியால் ஓட்டையைக் குத்திவிட்டு வாருங்கள்.

கனெக்டர் மேல் சுற்றிய டேப் வெடித்திருக்கிறதா, கேபிள் யூனிட்டுக்குள் நுழையும் முன் கீழே ஒரு வளைவு தொங்குகிறதா, வேவ்கைடு உலர்த்தியில் சிலிக்கா ஜெல் நீலத்திலிருந்து ரோஸ் ஆகிவிட்டதா, ஃபேன் கிரில்லில் குளவிக் கூடு, சிலந்தி வலை இருக்கிறதா. பத்து நிமிட வேலை.

கிளம்பும் முன் ஒரு வேலை பாக்கி. சேலத்தில் இருப்பவரிடம் எதுவும் சொல்லாமல் மோடம் பிளக்கைப் பிடுங்குங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். எங்கள் கணக்குப்படி பதினைந்து நிமிடத்துக்குள் உங்கள் ஃபோன் அடித்து, "மேலே என்னங்க ஆச்சு?" என்று கேட்க வேண்டும். அடித்தால் பிளக்கைச் சொருகிவிட்டு மலை இறங்குங்கள். அடிக்காவிட்டால் பேகைத் திரும்ப இறக்கி வையுங்கள், வேலை இன்னும் முடியவில்லை.